குறைந்த விலைச் செயலியை ஓவர்கிளாக் செய்தபின் தோன்றும் கோளாறுகள்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குறைந்த விலைச் செயலி (சிபியூ) ஒன்றை அதற்கென நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும்போது, முதலில் கைவிரிப்பது பெரும்பாலும் செயலியாக இருப்பதில்லை. அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் மதர்போர்டின் விஆர்எம் பகுதி, செயலியோடு பெட்டியில் வந்த சிறிய கூலர், சுமாரான பவர் சப்ளை, தயாரிப்பாளர் போட்டு அனுப்பிய பூட்டு ஆகியவற்றில் ஏதோ ஒன்றுதான் முன்னதாக எல்லையைத் தொடுகிறது. எது தொட்டது என்பதைக் கோளாறு எப்படி வருகிறது, எத்தனை நேரம் கழித்து வருகிறது என்ற இரண்டையும் கவனித்தாலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அவ்வாறு கவனிக்காமல், எந்தக் கோளாறு வந்தாலும் வோல்டேஜை ஒரு படி ஏற்றிப் பார்ப்பது என்ற பழக்கம்தான் மலிவான மதர்போர்டுகளை அதிகம் பாழாக்குகிறது.

எந்த அறிகுறியை ஆராய்வதற்கு முன்பும் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட மென்பொருளை) இயல்புநிலைக்குக் கொண்டுவந்து, அதே வேலையை அதே அளவு நேரம் கொடுத்துப் பாருங்கள். இயல்புநிலையிலும் கோளாறு வந்தால் அது ஓவர்கிளாக்கால் வந்ததல்ல. ரேம், டிரைவர், வட்டு என்று வேறு பக்கம் தேட வேண்டும். இயல்புநிலையில் ஓடும்போதே எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவியில் வெப்பநிலை, மின்னழுத்தம், வேகம் ஆகியவற்றையும், செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் நிரலில் கிடைக்கும் மதிப்பெண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் பின்னால் செய்யும் எந்த ஒப்பீடும் ஊகமாகத்தான் இருக்கும். முக்கியமான கோப்புகளை இந்தக் கணினியோடு இணைக்காத வேறொரு வட்டில் நகல் எடுத்துவைப்பதும், ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றுவதும் கட்டாயம்.

பயாஸில் வேகத்தை மாற்றும் இடமே இல்லை, அல்லது மாற்றியும் பலனில்லை

இது கோளாறு அல்ல, பூட்டு. இன்டெல் செயலிகளில் 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து பெயரின் இறுதியில் ‘கே’ என்ற எழுத்து உள்ளவற்றில்தான் பொதுவாகப் பெருக்கியை (அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கிச் செயலியின் வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணை) உயர்த்த முடியும். அதற்கும் ‘இசட்’ வரிசைச் சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்ட மதர்போர்டு வேண்டும். குறைந்த விலை வரிசையில் 2014-இல் வந்த பென்டியம் ஜி3258, 2017-இல் வந்த கோர் ஐ3-7350கே போன்ற சில மட்டுமே திறந்தவையாக வந்தன. ஏஎம்டியின் ஏஎம்4 மேடையில் ரைசன் செயலிகள் ஏறக்குறைய அனைத்தும் திறந்தவையே என்றாலும், ஏ320, ஏ520 சிப்செட்கள் பெருக்கியை மாற்ற விடுவதில்லை. பி350, பி450, பி550 ஆகியவை விடுகின்றன. அத்லான் வரிசையில் 200ஜிஇ பூட்டப்பட்டது, 2019-இல் வந்த 3000ஜி திறந்தது.

பூட்டிய செயலியில் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை உயர்த்திப் பார்க்கலாம் என்று சிலர் முனைவதுண்டு. பல மதர்போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா இணைப்புகளும் அதே கடிகாரத்தைச் சார்ந்தே ஓடுகின்றன. அங்கு இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் போனால் செயலி தடுமாறும் முன்பே வட்டு தடுமாறத் தொடங்கிவிடும். கிடைக்கும் ஆதாயத்தைவிட இழப்புக்கான வாய்ப்பு பெரிது என்பதால் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுழல்கிறது, திரையில் எதுவும் வரவில்லை

முதலில் சில நிமிடம் பொறுத்திருங்கள். ரேம் வேகத்தை மாற்றியிருந்தால் மதர்போர்டு பலமுறை தானாக அணைந்து எழுந்து நினைவகத்தைச் சரிசெய்ய முயலும்; அதன் நடுவே மின்சாரத்தைத் துண்டித்தால் அந்த முயற்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பலகையில் செயலி, ரேம், கிராஃபிக்ஸ் என்று குறிக்கப்பட்ட சிறு விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறது என்று பாருங்கள். ரேம் விளக்கு நின்றால் செயலியின் வேகத்தை விட்டுவிட்டு நினைவகத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தானாக மீளாவிட்டால் சீமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் நினைவகத்தை) அழிக்க வேண்டும். மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பலகையில் தேங்கிய மின்சாரத்தை வடியவிட்டு, பலகையில் அதற்கென்று குறித்த இரண்டு ஊசிகளைச் சில நொடிகள் இணைத்துப் பிடித்தால் போதும். ஊசிகள் கண்ணில் படாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டலாம். உயிர்பெற்றபின், கடைசியாகத் தாங்கிய வேகத்துக்கு ஒரு படி கீழேயிருந்து தொடங்குங்கள். ரைசன் செயலி என்றால் விண்டோஸில் ஓடும் ரைசன் மாஸ்டர் கருவியில் முதலில் சோதித்துவிட்டு, தாங்கிய எண்களை மட்டும் பயாஸில் எழுதுவது இந்தச் சிக்கலைப் பெரிதும் தவிர்க்கும்.

விண்டோஸ் ஏறுகிறது, கனமான வேலை கொடுத்ததும் நீலத்திரை

வேகத்துக்கேற்ற வோல்டேஜ் செயலிக்குக் கிடைக்கவில்லை என்பதற்கான நேரடி அடையாளம் இது. ஆனால் கிடைக்கவில்லை என்பதும் நாம் போதுமான அளவு அமைக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. பயாஸில் 1.30 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், செயலியின் எல்லா மையங்களும் (கோர்கள்) முழுச் சுமையில் இயங்கும்போது செயலியின் வாசலில் அது 1.24 வோல்ட் ஆக இறங்கியிருக்கலாம். மலிவான மதர்போர்டுகளில் இந்தச் சரிவு கூடுதலாகவே இருக்கும். எனவே சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது கருவி காட்டும் வோல்டேஜைப் பாருங்கள். எழுதிய எண்ணுக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் அடிப்படை வோல்டேஜை ஏற்றாமல் சுமையில் வரும் இந்தச் சரிவை ஈடுகட்டும் லோட்லைன் அமைப்பை ஒரு நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். அதை உச்ச நிலையில் வைக்கக் கூடாது. சுமை சட்டென்று விலகும் நொடியில் வோல்டேஜ் எழுதிய அளவையும் மீறித் துள்ளும்.

நீலத்திரையில் தோன்றும் பெயரும் உதவும். டபிள்யூஹெச்இஏ என்று தொடங்கும் பிழை, செயலி தன் வன்பொருளிலேயே தவறைக் கண்டுபிடித்துச் சொன்னதாகும். கிளாக் வாட்ச்டாக் என்று தொடங்கும் பிழை, ஒரு மையம் உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை என்பதாகும். இரண்டுமே வோல்டேஜ் பற்றாக்குறையை நோக்கிக் கைகாட்டுபவை. விண்டோஸ் நிகழ்வுகளின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற மூலத்தின் கீழ் 19 என்ற எண்ணுள்ள பதிவு, தவறு நடந்து திருத்தப்பட்டுவிட்டது என்பதைக் குறிக்கும். 18 என்ற எண்ணுள்ள பதிவு திருத்த முடியாத தவறைக் குறிக்கும். நீலத்திரையே வராமல் ஓடும் கணினியிலும் 19-ஆம் எண் பதிவுகள் வரிசையாகச் சேர்ந்துகொண்டிருந்தால் அது நிலையான அமைப்பு அல்ல. இந்த இடத்தைத்தான் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். அதே பதிவில் உள்ள ஏபிஐசி எண், தவறு எந்த மையத்தின் பக்கம் நடந்தது என்பதையும் சொல்லும். எப்போதும் ஒரே எண் வந்தால் அந்த ஒரு மையம்தான் மற்றவற்றைக் கீழே இழுக்கிறது.

சோதனைக்குப் பிரைம்95 இன்றும் நம்பகமானது. பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட அந்த நிரல், தான் போடும் கணக்கின் விடையை முன்பே தெரிந்த விடையோடு ஒப்பிடுவதால், கணினி விழாமலே செய்யும் தவறுகளையும் பிடித்துவிடுகிறது. முக்கியமாகச் செயலியை அழுத்தும் சிறிய எஃப்எஃப்டி சோதனையில், எட்டுத் தொழிலாளிகளில் (மையங்களுக்குப் பிரித்துத் தரப்படும் கணக்கு ஓட்டங்களில்) ஒன்று மட்டும் ரவுண்டிங் பிழை என்று சொல்லி நின்று, மற்ற ஏழும் தொடர்ந்து ஓடுவதைக் காணலாம். கணினி விழவில்லையே என்று அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அந்த மையம் கணக்கில் தவறுகிறது என்று பொருள். சிறிய எஃப்எஃப்டி தாங்கி, ரேமையும் சேர்த்து அழுத்தும் கலப்புச் சோதனை தாங்காவிட்டால் சந்தேகத்தை ரேம் பக்கம் திருப்புங்கள்.

வோல்டேஜை ஏற்றத்தான் வேண்டும் என்றால் 0.02 வோல்ட் அளவுப் படிகளில் ஏற்றுங்கள். முதல் தலைமுறை ரைசனுக்கு நீண்ட காலப் பயன்பாட்டில் 1.35 வோல்ட் என்பதையும், இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறைச் செயலிகளுக்குக் காற்றுக் கூலரோடு 1.25 முதல் 1.30 வோல்ட் என்பதையும் பழகியவர்கள் எல்லையாகக் கொள்கிறார்கள். இரண்டு படி ஏற்றியும் 100 மெகாஹெர்ட்ஸ்கூடக் கூடுதலாகத் தாங்காவிட்டால் செயலியின் எல்லை வந்துவிட்டது. அங்கிருந்து மேலே தள்ளுவதில் கிடைப்பது வெப்பம் மட்டுமே. செயலி உண்ணும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. 3.6 ஜிகாஹெர்ட்ஸை 4.0 ஆக்குவதற்கு 1.20 வோல்ட்டை 1.35 ஆக்க நேர்ந்தால், வேகம் கூடியது 11 சதவீதம், வெப்பம் கூடியது சுமார் 40 சதவீதம்.

கணினி விழவில்லை, ஆனால் வேகம் தானாக இறங்குகிறது

குறைந்த விலைக் கணினியில் மிகப் பரவலாகக் காணப்படும் அறிகுறி இதுதான். நீலத்திரை வராததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு முழுச் சுமையைக் கொடுத்து, வேகம் எத்தனை நேரம் கழித்து இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரமே காரணத்தைச் சொல்லிவிடும்.

சுமை தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பநிலை செயலியின் உச்சவரம்பைத் தொட்டு வேகம் ஏறி இறங்கத் தொடங்கினால், கூலர் சரியாக உட்காரவில்லை அல்லது போதவில்லை. உச்சவரம்பு பல இன்டெல் செயலிகளில் 100 டிகிரி செல்சியஸ், பல ரைசன் செயலிகளில் 95 டிகிரி. இன்டெல் பெட்டிக் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று முழுதாக இறங்காமல் நிற்பது இதற்கு அடிக்கடி காரணமாகிறது. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். மதர்போர்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்: சரியாக இறங்கிய இடத்தில் வெள்ளைக் கவ்வி இரண்டாக விரிந்து அதன் நடுவே கறுப்பு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், இறங்காத இடத்தில் கவ்வி விரியாமல் ஒட்டியே இருக்கும். அந்த ஒரு மூலை தூக்கியிருப்பதால் கூலரின் அடிப்பகுதி சாய்ந்து, தெர்மல் பேஸ்ட் ஒருபக்கம் மட்டுமே அழுந்தியிருக்கும். கழற்றிப் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, குறுக்கெதிர் மூலைகளாக அழுத்தி மாட்டுங்கள்.

வெப்பநிலை உச்சத்துக்குப் போகாமலே ஏறத்தாழ அரை நிமிடத்தில் வேகம் ஒரு படி இறங்கி அங்கேயே அசையாமல் நின்றால், அது மின்திறன் வரம்பு. இன்டெல் செயலிகள் குறுகிய நேரத்துக்கு உயர்ந்த வரம்பையும், பல அமைப்புகளில் 28 நொடி கழித்து அதைவிடக் குறைந்த நீண்டகால வரம்பையும் பின்பற்றுகின்றன. 65 வாட் என்று குறிக்கப்பட்ட ரைசன் செயலிகள் கையால் வேகத்தை மாற்றாத நிலையில் 88 வாட் வரம்புக்குள் இயங்குகின்றன. பயாஸ் இடங்கொடுத்தால் இந்த வரம்பை உயர்த்தலாம். ஆனால் அதற்குமுன் அடுத்த பத்தியில் சொல்லும் பகுதி அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

செயலியின் வெப்பநிலை 75 டிகிரியில் அமைதியாக நிற்கிறது, ஐந்து பத்து நிமிடம் எந்தக் குறையும் இல்லை, பிறகு வேகம் திடீரென்று பாதிக்கும் கீழே சரிகிறது, சில நொடியில் மீள்கிறது, மீண்டும் சரிகிறது என்றால் சூடேறியிருப்பது விஆர்எம். செயலிக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் மாஸ்ஃபெட்களின் (விஆர்எம்மின் மின்சாரத்தைக் கையாளும் டிரான்சிஸ்டர்களின்) மீது மலிவான மதர்போர்டுகளில் ஹீட்சிங்க்கே இருப்பதில்லை. அவற்றின் வெப்பநிலையைக் காட்டும் உணரியும் பல பலகைகளில் இல்லை. உணரி இல்லாவிட்டாலும் உறுதிசெய்ய எளிய வழி உண்டு: பெட்டியின் பக்கமூடியைத் திறந்து, சிறு விசிறி ஒன்றை அந்த வரிசையை நோக்கி வைத்து அதே சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். வேகம் சரியாமல் நின்றால் ஐயத்துக்கு இடமில்லை. உணரி இருந்தால் அந்த எண்ணை 100 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

நல்ல கூலர் வாங்கி மாட்டியபின் இந்தக் கோளாறு புதிதாக முளைப்பதும் உண்டு. பெட்டிக் கூலரின் விசிறி காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் செயலியைச் சுற்றியுள்ள விஆர்எம்முக்கும் காற்று கிடைத்துவந்தது. கோபுர வடிவக் கூலரோ திரவக் கூலரோ வந்தபின் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. செயலி குளிர்ந்திருப்பதைப் பார்த்து வோல்டேஜை மேலும் ஏற்றுபவர் உண்மையில் விஆர்எம்மின் மீதே சுமையை ஏற்றுகிறார். இங்கே தீர்வு மாஸ்ஃபெட்களின் மேல் ஒட்டும் ஹீட்சிங்க், அவற்றுக்கென ஒரு விசிறி, அல்லது வோல்டேஜைக் குறைத்து 100, 200 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுப்பது. இவற்றில் மூன்றாவதே முதலில் செய்ய வேண்டியது. பல வேளைகளில் சரிந்து சரிந்து ஓடும் 4.0 ஜிகாஹெர்ட்ஸைவிடச் சரியாமல் ஓடும் 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வேலையை முன்னதாக முடித்துவிடுகிறது.

காட்டும் வேகம் கூடியது, வேலை வேகமாகவில்லை

சினிபெஞ்ச் மதிப்பெண்ணை முதலில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். வேகம் ஐந்து சதவீதம் உயர்ந்து மதிப்பெண் உயராமலோ குறைந்தோ இருந்தால், ரைசன் 3000 போன்ற செயலிகளில் வோல்டேஜ் போதாமல் கடிகாரம் நீட்டப்படுகிறது என்று கொள்ளலாம். செயலி விழுந்துவிடாமல் தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்புகளைத் தள்ளிப்போடுகிறது. வெளியே காட்டும் எண் மட்டும் மாறுவதில்லை. எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரிசை உண்மையைக் காட்டும்.

எல்லா மையங்களின் மதிப்பெண் உயர்ந்து ஒற்றை மைய மதிப்பெண் குறைந்திருந்தால் காரணம் வேறு. எல்லா மையங்களுக்கும் ஒரே வேகத்தை நிலையாக எழுதும்போது, ஒரு மையத்துக்கு மட்டும் வேலை இருக்கையில் செயலி தானாக எட்டும் உச்ச வேகம் பறிபோகிறது. ரைசன் 5 3600 தானாகவே 4.2 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது. அதில் எல்லா மையங்களையும் 4.1-இல் நிறுத்தினால் அன்றாட வேலைகளில் இழப்புதான். 1998-இல் வந்த செலரான் 300ஏ, பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றிய மாத்திரத்தில் 300-இலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவியது, 50 சதவீத ஆதாயம். இன்றைய செயலிகள் தங்கள் இருப்பில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலேயே செலவழித்துவிட்டு வருகின்றன. செலரான் தந்ததுபோன்ற ஆதாயத்தை எதிர்பார்த்து அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும்.

விளையாட்டில் மட்டும் மாற்றம் தெரியவில்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் செயலியை எவ்வளவு தட்டி எழுப்பினாலும் பயனில்லை.

சோதனையில் தாங்குகிறது, சும்மா இருக்கும்போது உறைகிறது

முழுச் சுமையில் போதுமான வோல்டேஜ், ஓய்வில் போதாமல் போவதால் வருவது இது. ஆஃப்செட் முறையில் (செயலி கேட்கும் வோல்டேஜிலிருந்து ஒரு நிலையான அளவைக் கழிக்கும் முறையில்) வோல்டேஜைக் குறைத்திருந்தால் அந்தக் குறைப்பு எல்லா வேகத்துக்கும் பொருந்தும். ஓய்வு நிலையின் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜ் இன்னும் கீழே போய்விடும். ஆஃப்செட்டைப் பாதியாக்கிப் பாருங்கள். ரைசன் மதர்போர்டுகளில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற அமைப்பை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றுவதும், பழைய பவர் சப்ளைகளோடு சேரும்போது இந்த உறைதலை நீக்குவதுண்டு. தூக்க நிலையிலிருந்து எழுந்ததும் மட்டும் கோளாறு வந்தால் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள்.

எச்சரிக்கையின்றி முழுவதுமாக அணைகிறது

நீலத்திரை இல்லை, காரணம் சொல்லும் பதிவும் இல்லை. கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டுமே இருக்கிறது. அது முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அணைந்த கணினி பட்டனுக்கு உடனே பதில் சொல்லாமல், பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால்தான் எழுகிறது என்றால், பவர் சப்ளையின் பாதுகாப்பு தடுத்திருக்கிறது. அணைவதற்குச் சற்றுமுன் செயலியின் வெப்பநிலை வரம்பைக் கடந்திருந்தால் கூலரின் விசிறி நின்றுவிட்டதா என்று பாருங்கள். 12 வோல்ட் தடம் 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மதர்போர்டு உணரி காட்டும் எண்ணை முழுதாக நம்பாமல் மல்டிமீட்டரால் அளப்பது மேல். செயலிக்கு வரும் நான்கு முனை இணைப்பான் சூடாகவோ நிறம் மாறியோ இருந்தால் அன்றே ஓவர்கிளாக்கை நீக்கிவிடுங்கள். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கோப்புகள் பழுதாகின்றன

விரித்த ஜிப் கோப்பில் பிழை, நிறுவிய நிரல் திறக்க மறுப்பது, விண்டோஸ் புதுப்பிப்பு தோற்பது ஆகியவை ஒன்றாகத் தொடங்கினால், மற்ற எல்லா அறிகுறிகளையும்விட இதை அவசரமாகக் கருதுங்கள். தவறான தரவு வட்டில் எழுதப்படுகிறது. திரும்பப் பெற முடியாத இழப்பு இங்கேதான் நேர்கிறது. உடனே எல்லாவற்றையும் இயல்புநிலைக்குக் கொண்டுவந்து, பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86-ஐ முழுச் சுற்றாக ஓட்டுங்கள். ரேமை அதன் தயாரிப்பாளர் குறித்த உயர் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் ஓவர்கிளாக்காகவே எண்ண வேண்டும். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் ஏற்கத்தக்கதல்ல. அடிப்படைக் கடிகாரம் சரியாக 100-இல் நிற்கிறதா என்றும் பாருங்கள். சோதனைக் காலம் முழுவதும் இயங்குதளப் புதுப்பிப்பு எதையும் ஓடவிடாதீர்கள்.

முன்பு தாங்கிய அமைப்பு இப்போது தாங்கவில்லை

முதலில் தூசி, பிறகு காய்ந்த பேஸ்ட், பிறகு அறையின் வெப்பம் என்ற வரிசையில் பாருங்கள். முதலில் குறித்துவைத்த வெப்பநிலைகள் இப்போது கைகொடுக்கும்: அதே சுமையில் பத்து டிகிரி கூடியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. வெப்பநிலை மாறாமல், அதே வேகத்துக்கு முன்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்பட்டால் செயலி தேய்ந்திருக்கிறது. மிகுந்த வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்து செயலிக்குள் இருக்கும் நுண்ணிய கம்பித் தடங்களையும் டிரான்சிஸ்டர்களையும் மெல்ல மெல்லச் சிதைக்கின்றன, அது மீள்வதில்லை. வோல்டேஜை ஏற்றி ஈடுகட்டினால் தேய்மானம் இன்னும் விரைவாகும். ஆகவே வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து, வோல்டேஜையும் அதற்கேற்ப இறக்கி, டபிள்யூஹெச்இஏ பதிவுகள் ஒன்றுகூட வராத நிலை கிடைக்கும்வரை கீழே வாருங்கள். இயல்புநிலை வேகத்திலும் பிரைம்95 பிழை காட்டினால், ரேமையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பார்த்தபின், செயலியையே மாற்ற வேண்டியிருக்கும். ஓவர்கிளாக்கால் வந்த சேதத்தைத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை.